நேசனின் பிக்கப்பில் சிவப்பு அடித்தது யார்?

குணம் அண்ணை, நீங்கள் பொய் சொன்னீர்கள். தமிழ்ச் சங்கத்து விழாவில், கழுத்தில் மாலையோடு, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்துப் பொய் சொன்னீர்கள்.

நீங்கள் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். "என்ரை கராஜிலை ஒரு பெடியன் இருந்தவன். நட்டை இறுக்காமலே இறுக்கினதா அடையாளம் போட்டான். ஒரு உயிர் போச்சு. எங்கட ஆள் எண்டு பாவம் பாத்து வேலை குடுக்கக் கூடாது எண்டு அண்டைக்குத்தான் நான் படிச்சன்." சனம் கை தட்டியது. நீங்கள் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தொண்ணூறுகளில் டோர்ட்மண்டில் இருந்த எல்லோருக்கும் அது யோகன் என்று தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில், இப்போது கராஜ்களில் வேலை செய்கிற இளம் ஆட்கள் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். "அங்கிள், நீங்களும் அங்கைதானே வேலை செய்தனீங்கள்? அந்தப் பெடியன் ஆர்? என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். நான் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எனக்கு அலங்காரமாக எழுதத் தெரியாது. கையில் கிறீசோடு வாழ்ந்தவன் நான்.

என் தொழில் கதை சின்னது. மன்னாரில் உழவு இயந்திரம் திருத்தினேன். சண்டைக்குப் பயந்து ஜேர்மனிக்கு வந்தேன். அகதி முகாமில் இருந்தேன், உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு குணம் அண்ணை தன் கராஜில் வேலை தந்தார். அதை நான் மறுக்கவில்லை. அவர் எங்களுக்கு முன்னமே படிக்க வந்தவர். எங்கள் பக்கத்தில் மைஸ்டர் சோதனை பாஸ் பண்ணிச் சொந்தமாகக் கராஜ் திறந்த முதல் தமிழர். மைஸ்டர் பத்திரம் இல்லாமல் இந்த நாட்டில் கராஜ் நடத்த ஏலாது. அதனால் அவரை நாங்கள் கடவுளுக்கு அடுத்த ஆளாக வைத்திருந்தோம்.

யோகனும் மன்னார்தான். எனக்குப் பின் வந்தவன். அவனுடைய அகதி விண்ணப்பம் முடிவில்லாமல் கிடந்தது. வேலை செய்யும் அனுமதியில் குணம் அண்ணையின் கராஜ் பெயர் மட்டும்தான் எழுதியிருந்தது. அந்த வேலை போனால் அனுமதியும் போகும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

அந்த நாட்களில் ஜேர்மன்காரருக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஜப்பான் பிக்கப்பை வாங்கி, உடம்பை உயர்த்தி, பெரிய ரயர் போட்டு, வயலிலும் சேற்றிலும் ஓடித் திரிவார்கள். பக்கத்துக் கராஜ்கள் அந்த வேலையைத் தொடவில்லை. குணம் அண்ணை தொட்டார். நானும் யோகனும் செய்தோம்.

முன்பக்கத்தை உயர்த்துவது பெரிய வேலை இல்லை. பின்பக்கம்தான் வேலை. இந்த வாகனங்களின் பின் அச்சு வில்லுப்பட்டைக்குக் கீழே இருக்கும். அச்சுக்கும் வில்லுக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டையை வைத்தால், கட்டையின் உயரத்துக்கு வாகனம் உயரும். அச்சு, கட்டை, வில்லு மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது பக்கத்துக்கு இரண்டு யூ போல்ற். யூ எழுத்துப்போல் வளைந்த போல்ற். அதன் நுனிகளில் நட்டுகள். அவ்வளவுதான். பாரம் ஏற்றிய ஒரு பிக்கப் ஓட்டோபான் என்கிற வேகச்சாலையில் நேராகப் போவது அந்த நட்டுகளின் தயவில்.

அவை தளர்ந்தால் என்ன நடக்கும்? நடுவில் இருக்கும் சின்ன ஊசி ஒன்றின்மேல் முழுப் பாரமும் விழும். அது அறுந்துபோகும். அச்சு வழுக்கும். பின் சக்கரங்கள் தங்கள் பாட்டில் ஒரு பக்கம் திரும்பும். ஸ்ரியறிங்கை எப்படித் திருப்பினாலும் வாகனம் கேட்காது.

பெரிய ரயரோடு வேறு வேலைகளும் வரும். ஸ்ரியறிங்கை முழுக்கத் திருப்பினால் ரயர் தகட்டில் உரசும், அதை வெட்டி மடிக்க வேண்டும். உடம்பு உயர்ந்தால் பிரேக் குழாய் எட்டாது, நீளமானது போட வேண்டும். லைற் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், இறக்க வேண்டும். வேகமானி குறைத்துக் காட்டும். ஒவ்வொன்றையும் குணம் அண்ணை வந்து பார்ப்பார். நீல மேலங்கிக்குள் வெள்ளைச் சேர்ட். அதில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டு நான் கண்டதில்லை. கையால் ஒன்றையும் தொடமாட்டார். பென்சிலால் தட்டித்தான் காட்டுவார். சத்தம் போடமாட்டார். பிழை கண்டால் பென்சில் அந்த இடத்திலேயே நிற்கும். நாங்களாகப் பார்த்துக் கண்டுபிடிக்கும்வரை எடுக்கமாட்டார்.

நட்டு விசயத்தில் அவருடைய சட்டம் இதுதான். அளவு வைத்து இறுக்கும் சாவியால், அளவு வந்து 'க்ளிக்' என்று கேட்கும்வரை இறுக்க வேண்டும். அதுவும் சக்கரம் நிலத்தில் நின்று பாரம் ஏறிய பிறகுதான். இறுக்கியதும் நட்டில் மஞ்சள் பெயின்றால் ஒரு கோடு. பிறகு வாகனத்தை வெளியில் கொண்டுபோய் மேடு பள்ளத்தில் ஓட்டிவிட்டு வந்து, அதே சாவியால் திரும்ப இறுக்க வேண்டும். புது இரும்பு ஓடினால்தான் அமரும், அமர்ந்தால் இறுக்கம் குறையும். இரண்டாம் முறை இறுக்கியதும் சிவப்புக் கோடு. சிவப்பு இல்லாத வாகனம் படலை தாண்டக் கூடாது.

ஒருமுறை ஒரு ஜேர்மன்காரன், உழவு மாடு மாதிரி உடம்பு, தன் பிக்கப்பை உடனே தா என்று நின்றான். கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம். சிவப்பு அடிக்கவில்லை. குணம் அண்ணை வண்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "ரக்சி பிடிச்சுப் போ" என்று டொச்சில், அவன்ர ஜேர்மன் மொழியிலேயே, சொன்னார். அவன் கத்தினான், மேசையில் குத்தினான். இவர் பென்சிலைச் சீவிக்கொண்டு இருந்தார். அன்றைக்கு யோகன் என் காதுக்குள் சொன்னான்: "சூசை அண்ணை, எங்கட ஆள் ஒருத்தர் வெள்ளைக்காரனை இப்பிடி நிப்பாட்டி வைக்கிறதை ஊரிலை சொன்னா நம்பாங்கள்." அவ்வளவு பெருமை அவனுக்கு.

இனி நேசனின் வண்டி.

நேசன் மரக்கறிக் கடை வைத்திருந்தவர். ஒல்லாந்துக்குப் போய் மரக்கறி ஏற்றி வருவார். அவருக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியது. ஜேர்மன்காரன் மட்டும்தானா உயரத்தில் இருந்து ஓடுவது என்று பிக்கப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாங்கள் உயர்த்தினோம். பின்பக்கம் முழுவதும் யோகனின் வேலை. வியாழக்கிழமை பரிசோதகர் வந்தார். இந்த நாட்டில் அவர் பார்த்து ஒப்பம் வைக்காமல் உயர்த்திய வாகனம் றோட்டில் ஓட ஏலாது. உயரம், குழாய், லைற் எல்லாம் பார்த்தார், முற்றத்துக்குள் ஓட்டிப் பார்த்தார், ஒப்பம் வைத்தார். போகும்போது, "ஓட்டிவிட்டுத் திரும்ப இறுக்குவீர்கள்தானே?" என்று குணம் அண்ணையிடம் கேட்டார். "நதூர்லிஷ்" என்றார் இவர். கட்டாயம் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தோம். அதற்குள் நேசன் குடும்பத்தோடு வந்துவிட்டார். மனைவி, மனைவியின் தம்பி ரவி, மாமியார். தட்டில் தேசிக்காய், கற்பூரம், சந்தனம், மல்லிகைக்குப் பதிலாக ஏதோ ஜேர்மன் பூ. மாமியார் சொன்னா:

"தம்பி, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது. அதுக்கு முன்னம் வண்டி படலை தாண்டோணும்."

யோகன் குணம் அண்ணையிடம் வந்தான். "அண்ணை, இன்னும் ஓடிப் பாக்கேல்லை. ஒரு சுத்துப் போட்டுட்டு வந்து இறுக்கோணும்."

நேசனுக்கு அது காதில் விழுந்தது. "என்னடா யோகன், என்ரை வண்டியிலை நீ ஊர் சுத்தப் போறியோ?"

ரவி சிரித்தான். "ஏத்திவிடுங்கோ அத்தான். பாவம், அவனும் உயரத்திலை இருந்து டோர்ட்மண்டைப் பாக்கட்டும்."

எல்லோரும் சிரித்தோம். யோகனும் சிரித்தான். ஆனால் விடவில்லை. "இல்லை அண்ணை, நீங்களே பூசை முடிச்சு ஓட்டிக்கொண்டு போங்கோ. ஒரு சுத்துச் சுத்திட்டு இஞ்சை வாங்கோ. வந்த உடனே இறுக்கித் தாறன், கனநேரம் எடாது."

மாமியார் தட்டைக் கீழே வைத்துவிட்டா. "பூசை வைச்சு வெளிக்கிட்ட வண்டி முதல் ஓட்டத்திலையே திரும்பி வாறதோ? என்ன கதை கதைக்கிறாய் மோனை?"

அந்த அம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. நான் வேதக்காரன். நானும் என் முதல் காரைச் சுவாமியாரிடம் கொண்டுபோய்த் தண்ணீர் தெளிப்பித்துத்தான் ஓட்டினேன். அவவுக்குத் தேசிக்காய் தெரியும், நட்டு தெரியாது. குணம் அண்ணை, உங்களுக்கு நட்டு தெரியும்.

யோகன் உங்கள் முகத்தைப் பார்த்தான். கல்யாணத்துக்குப் போக நின்றவனைச் சிவப்புக்காக நிறுத்தி வைத்த ஆள் நீங்கள். ஒரு சொல் போதும். நீங்கள் சொன்னது இது:

"வயசுபோன மனிசியோட என்னத்துக்கு வாதாடுறாய்? திங்கக்கிழமை கொண்டரச் சொல்லுறன்."

"அண்ணை, நாளைக்கு ஒல்லாந்துக்குப் போகினம். பாரம் ஏத்துவினம்."

"நான் சொல்லுறன்தானே."

பிறகு, நேசன் வீட்டார் முன்பக்கத்தில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நிற்க, நீங்கள் செய்ததை என் கண்ணால் பார்த்தேன். தட்டுப் பலகையில் இருந்த சிவப்பு டப்பாவை எடுத்தீர்கள். கையால் ஒன்றையும் தொடாத நீங்கள், வெள்ளைச் சேர்ட்டோடு குந்தியிருந்து, பின் சக்கரத்துக்குள் தலையை விட்டு, ஒவ்வொரு நட்டிலும் சிவப்புக் கோடு இழுத்தீர்கள். எழும்பி, "என்ரை கராஜிலை இருந்து சிவப்பு இல்லாமல் வண்டி போகாது" என்றீர்கள். யோகன் கையில் அளவுச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சக்கரத்தின் கீழ் தேசிக்காய் நசிந்தது. வண்டி போனது. திங்கட்கிழமை வா என்று நீங்கள் நேசனுக்குச் சொல்லவே இல்லை. சந்தனம் வைத்துக்கொண்டு கை காட்டினீர்கள்.

சனிக்கிழமை, நேசனும் ரவியும் ஒல்லாந்தில் இருந்து பாரத்தோடு திரும்பி வரும் வழியில், ஓட்டோபானில் பின் அச்சு வழுக்கியது. ரவி அந்த இடத்திலேயே செத்தான். நேசனுக்கு ஒரு கால் போனது.

அடுத்த கிழமை பொலிஸ்காரர் ஒருவரும் விபத்து நிபுணர் ஒருவரும் கராஜுக்கு வந்தார்கள். நிபுணர் சொன்னது எனக்கு அரைகுறையாக விளங்கியது. நட்டுகள் இரண்டாம் முறை இறுக்கப்படவில்லை, ஆனால் இரண்டாம் அடையாளம் இருக்கிறது. யார் செய்த வேலை என்று கேட்டார்கள். யோகன் என்றார் குணம் அண்ணை. அது உண்மை. யோகனுக்கு அப்போது டொச் வராது. எனக்கும் கொஞ்சம்தான். மொழிபெயர்க்க யார் இருந்தார்? குணம் அண்ணைதான்.

யோகன் அவரைப் பார்த்துச் சொன்னான். நான் அருகில் நின்றேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"அண்ணை, சிவப்பு நான் போடேல்லை எண்டு சொல்லுங்கோ. ஓடிப் பாக்காமல் நான் போட மாட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நேரம் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ. ராகுகாலத்தைப் பற்றியும் சொல்லுங்கோ அண்ணை, இல்லாட்டி அவைக்கு விளங்காது."

"நீங்கள்தான் போட்டனீங்கள்" என்று அவன் சொல்லவில்லை. பொலிசுக்கு முன்னால், வேலை தந்த அண்ணையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அண்ணையே சொல்லுவார் என்று நினைத்தான்.

குணம் அண்ணை பொலிஸ்காரர் பக்கம் திரும்பி, "எர் ஹாட் எஸ் ஃபெர்கெஸன்" என்றார்.

அவன் மறந்துவிட்டான். அவ்வளவுதான். யோகன் சொன்னதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டது.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். உணவகத்தில் என் முதலாளி நாள் முழுக்க என்னை ஏசின சொல். நான் முன்னுக்கு வந்து, "நைன்! நிஷ்ட் ஃபெர்கெஸன்! இல்லை, மறக்கவில்லை!" என்று கத்தினேன். சிவப்பு டப்பாவைக் காட்டினேன், குணம் அண்ணையைக் காட்டினேன். பொலிஸ்காரர் இவரைத்தான் பார்த்தார். இவர் அமைதியாக, வேகமாக, நீளமாக ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் தலையாட்டி, என் தோளைப் பரிவோடு தட்டினார். என்ன சொன்னீர்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர்கள் போன பிறகு நீங்கள் தமிழில் சொன்னது மட்டும் தெரியும்: "சூசை, உனக்கும் பெர்மிட் இருக்கு. பொத்திக்கொண்டு வேலையைப் பார்."

நான் பொத்தவில்லை. எங்கள் தேவாலயப் பங்கில் டொச்சும் கொஞ்சம் தமிழும் தெரிந்த ஒரு கன்னியாஸ்திரி இருந்தா. அவவைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். எழுதி எடுத்தார்கள். பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கூப்பிடவில்லை. திரும்பப் போனேன். மைஸ்டர் ஒருவரின் வாக்குமூலம் இருக்கிறது, வேலை செய்தவன் தன் வேலை என்று ஒத்துக்கொண்டிருக்கிறான், முடிந்துவிட்டது என்றார்கள். நான் அந்தக் கராஜை விட்டு வேறு இடத்தில் பஸ் திருத்தப் போனேன். பென்சன் வரும்வரை அதுதான் என் வேலை.

வழக்கில் யோகனுக்குத் தண்டனை விழுந்தது, அனுமதியும் போனது. வேலை இல்லை. எங்கள் சனம் அவனுக்கு வீடு கொடுக்கவில்லை. தேவாலயத்துப் பூசையில் அவன் இருக்கிற வாங்கில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ரவியின் செத்தவீட்டுக்குப் போனவனை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவனுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தண்டனை விழுந்தவனுக்காக எந்த வக்கீல் மினைக்கெடுவார்? கொழும்புக்கு ஏற்றி அனுப்பினார்கள். விமான நிலையத்திலேயே பிடித்து வைத்திருந்தார்கள். வெளியில் வந்தபோது ஒரு காது கேட்காமல் வந்தான்.

மன்னாரில் அவன் பிறகு ஒரு சாவியையும் தொடவில்லை. சைக்கிளில் மீன் விற்றான். நான் போன் எடுப்பேன். ஒருநாள் சொன்னான்: "சூசை அண்ணை, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. நான்தான் இறுக்காமல் சிவப்பு அடிச்சனோ? இரவிலை யோசிச்சா என்ரை கைதான் தெரியுது."

நான் அடித்துச் சொன்னேன், நீ இல்லை என்று. "அப்ப ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னவர்? அவர் பொய் சொல்லுற ஆள் இல்லையே" என்றான்.

குணம் அண்ணை, அவனுக்குத் தன் கண்ணைவிட உங்கள் வாயில் நம்பிக்கை. அப்படியே செத்தும் போனான், சிறுநீரகம் பழுதாகி, போன வருடம்.

அவனுக்கு ஒரு மகள். ஜெனிற்றா. மன்னாரில் படிப்பிக்கிறாள். விழாவில் நீங்கள் பேசியதை யாரோ வீடியோ எடுத்து அனுப்பி, அது அவளுடைய கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குப் போன் எடுத்தாள். அழவில்லை. "மாமா, அந்த ஐயா சொல்லுறது அப்பாவைத்தானே? அப்பா ஒரு ஆளைச் சாகடிச்சவரோ? அம்மா கேக்கிறா, நான் என்ன சொல்ல?" என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு, "நீங்கள் அப்பான்ரை சிநேகிதன். நீங்கள் அப்பிடித்தானே சொல்லுவியள்" என்றாள்.

அதுதான் என் நிலைமை. அன்றைக்குப் பொலிஸ் நம்பவில்லை, இன்றைக்கு அவனுடைய மகளே நம்பவில்லை. நான் எத்தனை தரம் சொன்னாலும் ஒரு கிழவனின் கோபம் என்று தள்ளிவிடலாம். இதைச் சொல்லி முடிக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். அவருக்குத்தான் சங்கம் மாலை போட்டது.

அவர் சொல்லுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சொன்னாலும் யோகன் கேட்கப்போவதில்லை, ரவி எழும்பி வரப்போவதில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எனக்குப் போன் எடுக்காதீர்கள் குணம் அண்ணை. ஆள் அனுப்பிச் சமாதானம் பேசாதீர்கள். உங்கள் தொழிலில் நீங்கள் செய்த நல்லதைச் சொல்லி மழுப்பாதீர்கள், அது எனக்கும் தெரியும். சங்கத்தின் பொதுக்கூட்டம் வருகிறது. அதே மண்டபத்தில், அதே சனத்துக்கு முன்னால், வீடியோ எடுக்கிற ஆளையும் பக்கத்தில் நிற்க விட்டு, ஜெனிற்றா என்று அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்: அவளுடைய தகப்பனா ரவியைக் கொன்றது, அல்லது நீங்களா?